ஏரியைத் தடவிக்கொடுத்த ஊர்

டிரைவர் தசரதன் கண்ணாடி லோடு ஏற்றிய லாரியோடு காணாமல்போன அதே காலையில்தான் சாத்தம்பட்டு ஏரி வெளுத்துப்போனது. முதலில் பார்த்தவர் எருமை ஓட்டிவந்த மண்ணாங்கட்டி. எவனோ சுண்ணாம்பு மூட்டையைக் கொட்டிவிட்டான் என்று, பெயர் தெரியாத அந்த ஆளின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு அவர் எருமைகளை இறக்கிவிட்டார். எருமைகள் கழுத்துவரை இறங்கி, பாதிக் கண்ணை மூடி, வழக்கம்போல அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. எருமைக்கே ஆட்சேபம் இல்லை என்று தெரிந்த பிறகு ஊர் ஏன் பதறப்போகிறது? வெயில் ஏறுவதற்குள் துவைக்க வந்தவர்கள் துவைத்துவிட்டுப் போனார்கள், குளிக்க வந்தவர்கள் குளித்துவிட்டுப் போனார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மட்டும் அன்று முழுவதும் போகவில்லை.

அது பால் இல்லை. அள்ளினால் கஞ்சித்தெளிவு மாதிரி கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது. நாக்கில் வைத்தால் ருசியே இல்லை. வெளிச்சத்துக்குத்தான் அதில் வழி தெரியவில்லை. மேலே விழுந்த வெயில் உள்ளே போய், எதிலோ முட்டி, திரும்பி, வேறெதிலோ முட்டி, திருவிழாவில் கை நழுவிய பிள்ளை மாதிரி எல்லாப் பக்கமும் அலைந்து, கடைசியில் போன வழியாகவே மேலே வந்து கரையெங்கும் பரவியது. அதனால் ஏரிக்கரையில் நிற்கிற யாருக்கும் நிழல் விழவில்லை. ஸ்டூடியோக்காரர் லோகநாதன் இதைக் கண்டுபிடித்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார். அங்கே எடுத்த படத்தில் கண்ணுக்குக் கீழே கருமை இல்லை, கன்னத்தில் பள்ளம் இல்லை. வருஷக்கணக்கில் தட்டிப்போன கல்யாணமெல்லாம் ஒரே சீசனில் முடிந்தது. பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்த்து ஏமாந்தால் அது ஏரியின் தப்பில்லை என்று அவர் போர்டே எழுதி மாட்டினார்.

காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தாய்மார்கள் ஏரிக்குத் தூக்கிவந்தார்கள். பிள்ளையின் காலை நனைத்தால் காலைச் சுற்றி நிறம் கிளம்பும். சிவப்பு என்றால் ஒன்றுமில்லை, பச்சை என்றால் கஷாயம், நீலம் என்றால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. ஆவணியில் பிள்ளையார் சிலைகளைக் கரைத்து, அந்தச் சாயமும் தண்ணீரில் சேர்ந்துகொண்ட பிறகு இன்னொரு கூத்து. மேலக்கரையில் நின்று பார்த்தால் ஏரி வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டு மைபோலக் கறுத்துக் கிடக்கும். கீழக்கரைக்கு வந்து பார்த்தால் வெள்ளைவெளேர். அந்தச் சாயம் நெடுக்கே வருகிற வெளிச்சத்தை விழுங்கிவிட்டுக் குறுக்கே வருகிற வெளிச்சத்தை விட்டுவிடும், அவ்வளவுதான். ஆனால் மேலக்கரையார் ஏரி கறுப்பு என்றார்கள், கீழக்கரையார் வெள்ளை என்றார்கள், நடந்து போய் எதிர்க்கரையில் நின்று பார்க்க மட்டும் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. சாத்தம்பட்டுக்காரர்களின் குணம் அப்படி.

ஏரி வெளுத்ததை எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டார்களோ, அவ்வளவு சுலபமாகத் தசரதனைத் திருடன் என்றும் ஏற்றுக்கொண்டார்கள். புது லாரி, ஏற்றியிருந்தது ஊருக்குப் பக்கத்திலிருக்கிற எண் கண்ணாடிக் கம்பெனிக்கு வரவேண்டிய உயர்ந்த சரக்கு. லாரி ஓனர் போலீசில் எழுதிக்கொடுத்தார், போலீஸ் திருட்டு கேஸ் போட்டது. டீக்கடை ஜெயபால் ஆந்திரா எல்லையில் ஒரு ஓட்டலில் தசரதனைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அடுத்தவர் பார்த்தபோது அவன் தாடி வைத்திருந்தான். அதற்கடுத்தவர் பார்த்தபோது பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். இப்படிப் பார்த்தவர்கள் பெருகிக்கொண்டே போனதற்கு ஒரு காரணம் உண்டு. தசரதனைப் பார்த்தேன் என்று யார் வந்து சொன்னாலும், அவனுடைய அம்மா எல்லம்மாள் அவர்களை உட்காரவைத்து, காபி போட்டு, முறுக்கும் வைத்து, "இளைச்சிட்டானா? சொக்கா போட்டுக்கினு இருந்தானா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். முறுக்கு தீரும்வரை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அவனுடைய பெண்டாட்டி அமுலு யாருக்கும் காபி போடவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அன்று காலை ஏரிக்கரை ரோட்டு வளைவுக்கு வந்ததும் தசரதன் போன் செய்தான். "வளைவுக்கு வந்துட்டன். பசிக்குது, சோறு போட்டு வையி" என்றான். அவள் தட்டில் சோறு போட்டுக் குழம்பையும் சுடவைத்தாள். வளைவிலிருந்து வீட்டுக்கு வர, குழம்பு கொதிக்கிற நேரம்கூட ஆகாது.

"சோறு போடச் சொன்ன ஆளு ஆந்திராவுக்கு எதுக்குப் போறாரு?" என்று அவள் ஸ்டேஷனில் கேட்டாள். "வளைவுல கைப்பிடிச் சுவரு இடிஞ்சு கெடக்கு சார். அவுரு ஏரிலதான் இருக்காரு. தேடிக் குடுங்க."

"இது திருட்டு கேஸும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலியெல்லாம் போடச் சொன்னார். "ஏரியில தேடறதுன்னா அது வேற கேஸு. ஆளு செத்தாத்தான் அந்தக் கேஸு."

மீன் குத்தகைக்காரரைக் கெஞ்சி வலை போடச் சொன்னாள். வலை வழுக்கிக்கொண்டு வெறுமனே வந்தது. முங்கித் தேடப் போனவன் தன் கையே தனக்குத் தெரியவில்லை என்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான். மகள் இந்துமதியைப் பள்ளிக்கூடத்தில் லாரித் திருடன் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். அவள் பையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குத்தான் அமுலு முடிவெடுத்தாள். ஏரியைத் தெளியவைத்து, அடியில் இருப்பதை ஊருக்கே காட்டுவது என்று.

அது என்ன மாதிரி முடிவு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தசரதன் திருடன் என்றால் எங்கேயோ உயிரோடு இருக்கிறான். யோக்கியன் என்றால் செத்துவிட்டான். அவனுக்கு நல்ல பெயர் வாங்கித்தர வேண்டுமென்றால் அவள் தன் தாலியைத்தான் கழற்றி வைக்கவேண்டும்.

எல்லம்மாளுக்கும் இது தெரிந்திருந்தது. அடுப்படியில் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எம் புள்ள எங்கியோ நல்லா இருக்கான். ஏன்டி அவன ஏரில தள்றதுலயே நிக்கிற?"

"அப்ப அவுரு திருடனா அத்த?"

"திருடனாவே இருக்கட்டும். திருடன் என்னிக்காச்சும் ஒருநாளு வூட்டுக்கு வருவான். உனுக்கு அவன் பேரு வேணும். எனுக்கு அவன் வேணும்."

அமுலுவுக்குக் கோபத்தில் வாய் துடித்தது. ஆனால் அந்தக் கை நிற்காமல் மாவு பிசைவதைப் பார்த்தபோது அழுகைதான் வந்தது.

எண் கண்ணாடிக் கம்பெனி என்று ஊர் சொல்வது ஊரை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருக்கிற ஒரு சின்னப் பட்டறை. தராசிலும் கரண்ட் மீட்டரிலும் எண் தெரிகிற கண்ணாடியை அங்கே செய்கிறார்கள். சாத்தம்பட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை, அமுலுவுக்கும் அங்கேதான். வேலை என்ன வேலை? இரண்டு கண்ணாடித் தகடு. இரண்டுக்கும் இடையில் பிறகு ஒரு கொழகொழத் திரவத்தை ஊற்றுவார்கள். ஊற்றுமுன் தகட்டை வெல்வெட்டுத் துணியால் தடவவேண்டும். தடவுவது என்றால் ஒரே வாக்கில். இந்த ஓரத்தில் ஆரம்பித்தால் அந்த ஓரத்தில் கையை எடுத்துவிட வேண்டும். வந்த வழியே திரும்பித் தடவினால் தகடு குப்பைக்கு. புதிதாக வருகிற பெண்கள் எல்லோரும் வீட்டில் பாத்திரம் துடைக்கிற பழக்கத்தில் முன்னும் பின்னும் தேய்த்து, சூப்பர்வைசர் விமலாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். விமலா திட்டிவிட்டுப் பொறுமையாகச் சொல்லியும் கொடுப்பாள். உள்ளே ஊற்றுகிற திரவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அரிசி மாதிரி நீட்ட நீட்டமாக இருக்கிறது. கொட்டிவைத்த அரிசி போல ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தால் வெளிச்சம் முட்டி மோதி வெளுத்துப்போகும். எல்லாம் ஒரே பக்கம் படுத்தால் வெளிச்சம் நேராகப் போய்விடும். ஓரத்தில் இருப்பதைத் தடவித் திருப்பினால் போதும், பக்கத்தில் இருப்பது அதைப் பார்த்துத் திரும்பும், அதைப் பார்த்து அடுத்தது திரும்பும், நடுவில் இருப்பதைத் தொடவே வேண்டாம்.

நாளெல்லாம் இதைச் செய்து செய்து அந்தப் பெண்கள் வீட்டில் மேசை துடைத்தாலும், பிள்ளைக்குத் தலை துவட்டினாலும் ஒரே வாக்கில்தான் துடைப்பார்கள். ஏரியைப் பார்த்த முதல் நாளே அவர்கள் எல்லோருக்கும் அது என்ன வெள்ளை என்று தெரியும். எப்படித் தெளியவைப்பது என்றும் தெரியும். யாரும் செய்யவில்லை, ஏனென்றால் வேண்டியிருக்கவில்லை. அவர்களில் மும்தாஜின் தங்கைக்கு ஏரிக்கரைப் படத்தால்தான் மாப்பிள்ளை அமைந்தது. ஸ்டெல்லாவின் மகனுக்குக் காய்ச்சல் நீலத்துக்குப் போவதற்குள் தெரிந்துகொண்டதும் அங்கேதான். நன்றாக இருக்கிற ஏரியை எதற்குத் தொடவேண்டும்?

சமுதாயக்கூடத்தில் அமுலு எழுந்து கேட்டபோது ஊர்த்தலைவர் பூவராகன் நெற்றியைச் சொறிந்துகொண்டார். ஏரிக்கு அவர் அப்போதுதான் அலங்கார நுழைவாயில் கட்டியிருந்தார், அதில் அவர் படமும் இருந்தது.

"தண்ணிய காச்சினா தெளியுதுங்க" என்றார் டீக்கடை ஜெயபால். "எங் கடையில டபராவுல வெச்சுப் பாத்தன். கொதி வந்ததும் கண்ணாடி மாரி ஆயிடுது. ஆறினா பழையபடி வெள்ள."

"ஏரிக்கு டபரா எங்கய்யா வாங்கறது?" என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது. சிரிப்பிலேயே கூட்டம் கலைந்தும் போனது. கலைகிறபோது லோகநாதன் மட்டும் அமுலுவிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதம்மா, பொழப்பு" என்றார். அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அவள் தனியாக ஏரியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, வெல்வெட்டுத் துண்டால் தண்ணீரைத் தடவ ஆரம்பித்தாள். இடமிருந்து வலம், கையை எடுத்து மறுபடி இடமிருந்து வலம், குழந்தையைத் தூங்கவைக்கிறவள் மாதிரி. வேலைக்கு நேரமாகிறபோது அவளுடைய காலடியில் ஒரு முறம் அளவுக்குத் தண்ணீர் தெளிந்து, கால்விரலும் கூழாங்கல்லும் தெரிந்தது. அவள் கரையேறியதும் அது மறுபடி வெளுத்தது. அடுத்த நாளும் இறங்கினாள். ஐப்பசி மழையிலும் இறங்கினாள், மார்கழிக் குளிரில் கால் மரத்துப்போகிற தண்ணீரிலும் இறங்கினாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள், கேட்டுக்கொண்டே தடவினாள். ஒருநாள் மும்தாஜ் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, "நீ ஒத்தையா தடவனா விடிஞ்சிரும், தள்ளு" என்று பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு ஸ்டெல்லா வந்தாள். சூப்பர்வைசர் விமலா, இங்கேயாவது சரியாகத் தடவுகிறார்களா என்று பார்க்க வந்தவள், தானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

இப்போது கரையோரமாக ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்தது. அந்தத் தண்ணீரில் விழுந்தது எதுவும் அழுகுவதில்லை போலிருக்கிறது. பிள்ளையாருக்குப் போட்ட சாமந்தி மாலை மஞ்சள் கலையாமல் கிடந்தது. மண்ணாங்கட்டியின் பேரன் தொலைத்ததாகச் சொன்ன கணக்குப் பரீட்சைப் பேப்பர் நாலாக மடித்தபடி கிடந்தது. மேலக்கரையார் திருடிவிட்டார்கள் என்று கீழக்கரையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கோயில் மணி, கீழக்கரைப் படித்துறையிலேயே சேற்றில் சாய்ந்து கிடந்தது. அந்த மணியைத் தூக்கிக் கரையில் வைத்த அன்று ஊர் அதைச் சுற்றி நின்று பார்த்தது. திருடாதவர்களை இத்தனை காலம் திருடர்கள் என்று சொல்லியிருக்கிறோமே என்று பலருக்கும் வளைவுப் பக்கம் கண் போனது. எல்லோருக்கும் போகவில்லை, தங்களுடையது என்ன கிடக்கிறதோ என்று வேறு சிலர் தங்கள் படித்துறைத் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை.

ஏரி முழுவதும் தெளியவேண்டுமென்றால் ஊர் முழுவதும் கரையைச் சுற்றி நிற்கவேண்டும் என்றாள் அமுலு. சரி என்றார்கள். எந்தப் பக்கமாகத் தடவுவது என்று கேட்டார்கள். அதோடு சண்டை தொடங்கியது. மாரியம்மன் கிழக்கே பார்த்திருக்கிறாள், கிழக்கே தடவலாம் என்று ஒரு கட்சி. பள்ளிவாசலில் தொழுகிறது மேற்கே, மேற்கே தடவினால் என்ன என்று இன்னொரு கட்சி. தெற்கே சுடுகாடு, அந்தப் பேச்சே வேண்டாம். வடக்குத் தெருவில் கீழக்கரையார் ஆட்கள் அதிகம், நாங்கள் ஏன் அவர்களைப் பார்த்துத் தடவவேண்டும் என்று மேலக்கரையார். தை முழுவதும் இதிலேயே போனது. பொறுத்துப் பார்த்த அமுலு ஒருநாள் பூவராகன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தலைவரே, ஏரித் தண்ணி எந்தப் பக்கமா போவுது?"

"மதகுக்குத்தாம்மா போவும்."

"மதகு எந்த மூல?"

"அக்னி மூல." சொல்லிவிட்டு அவரே யோசித்தார். தென்கிழக்கு மூலை; எந்தச் சாமியும் அங்கே இல்லை, எந்தத் தெருவும் இல்லை. எல்லா வீட்டிலும் அந்த மூலையில் அடுப்பு இருக்கிறது. மதகுத் தண்ணீரில் விளைந்த நெல்தான் அந்த அடுப்பில் வேகிறது. இதில் யார் என்ன குறை சொல்வது? மேலக்கரைப் பெண்களும் கீழக்கரைப் பெண்களும் ஒத்துக்கொண்டார்கள், ஆண்களுக்கும் வேறு வழியில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவில், சாத்தம்பட்டு முழுவதும் ஏரியில் இறங்கியது. பட்டறைப் பெண்கள் வரிசைக்கு ஒருத்தியாக நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூத்துண்டு, பழைய வேட்டி, பாவாடைத் துணி, தர்காவிலிருந்து வந்த பச்சைப் போர்வைத் துண்டு, சர்ச் மேசைவிரிப்பு, கையில் கிடைத்தது எல்லாம் வந்தது. லோகநாதன் கேமரா துடைக்கிற மஞ்சள் துணியோடு வந்தார். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அவரும் யாரையும் பார்க்காமல் இறங்கி நின்றார். ஆண்பிள்ளைகள் வழக்கம்போல முன்னும் பின்னும் தேய்த்தார்கள். "திரும்பாத, கைய எடு, மறுபடி வை! பாத்திரமா வெளக்கற?" என்று விமலா கரையெல்லாம் ஓடி ஓடிக் கத்தினாள். தலைவரின் கையைக்கூடப் பிடித்துத் திருப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கைகள் பழகின. மதகைப் பார்த்து, மதகைப் பார்த்து, மறுபடி மதகைப் பார்த்து, ஊர் முழுவதும் ஒரே வாக்கில் தடவ, ஓரம் தெளிந்தது. ஓரத்தைப் பார்த்து அடுத்தது தெளிந்தது. நடுவில் யாரும் நிற்காத இடத்தில், யாரும் தொடாத தண்ணீர், கரையிலிருக்கிற கைகளுக்குக் கட்டுப்பட்டுத் தானாக வரிசையாகப் படுத்தது. அலைந்துகொண்டிருந்த வெயில் வழி கண்டுகொண்டு நேராக அடிவரை இறங்கியது. அத்தனை பேருடைய நிழலும் திரும்பி வந்து தண்ணீர்மேல் விழுந்தது. ஏரியின் அடிச்சேறு, அதில் மீன் போட்ட கோடு, பழைய கரையின் கல் எல்லாம் தெரிந்தது.

வளைவுக்குக் கீழே மட்டும் தெளியவில்லை. ஒரு லாரி நீளத்துக்கு அங்கே தண்ணீர் வெள்ளையாகவே நின்றது.

யார் கை தப்பாகப் போகிறது என்று எல்லோரும் தேடினார்கள். வளைவில், இடிந்த சுவரை ஒட்டி, எல்லம்மாள் தனியாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போது வந்து இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, மதகுப் பக்கம் பார்க்காமல், குறுக்கே தடவிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தடவினாள். ஊர் முழுவதும் ஒரு பக்கம் தடவியதற்கு அவள் ஒருத்தி கை ஈடுகொடுத்தது.

"ஏய் கெழவி, கையத் திருப்பு!" என்று ஜெயபால் கத்தினார். இரண்டு பேர் அவளைப் பிடித்து இழுக்க அடியெடுத்து வைத்தார்கள்.

"யாரும் அவங்களத் தொடக் கூடாது" என்றாள் அமுலு. ஏரி முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து போய் மாமியார் பக்கத்தில் நின்றாள்.

எல்லம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் இங்கியே நிப்பன். எம் மேல கைய வெச்ச, உளுந்துருவன்."

"நான் எதுக்கு அத்த கைய வெக்கறன்."

"பாத்துட்டா அப்பறம் எனுக்கு இன்னாடி இருக்குது? ஒருத்தன் வந்து ஓட்டல்ல பாத்தன்றான், ஒருத்தன் தாடி வெச்சிருக்கான்றான். அத்தனியும் பொய்யின்னு எனுக்குத் தெரியாதா? பொய்யாச்சும் வந்து சொல்ல ஆளு இருக்குதே."

மாமியார் மேல் இத்தனை மாதம் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று அமுலுவுக்கே தெரியவில்லை.

"அவுரு ஒத்தையா இருக்காரு அத்த" என்றாள். "நாம மேல நின்னுக்கினு, ஓடிட்டான் ஓடிட்டான்னு சொல்றோம். அவுரு கீழ கேட்டுக்கினு இருக்காரு. பெத்தவளும் பாக்க வரல, கட்டனவளும் பாக்க வரல."

எல்லம்மாளின் கை தண்ணீரிலேயே நின்றது. கரையைச் சுற்றி நூற்றுக்கணக்கான கைகள் மதகைப் பார்த்துத் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் மெதுவாக, சொன்ன பேச்சைக் கேட்கிற சின்னப் பெண் மாதிரி, முந்தானையை மதகுப் பக்கம் திருப்பி ஒருமுறை இழுத்தாள். கையை எடுத்தாள். மறுபடி வைத்து இழுத்தாள்.

வெள்ளை அசையவில்லை.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இன்னும் யார்? விமலா கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். எல்லாக் கையும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லம்மாள்தான் பார்த்தாள்.

"அமுலு," என்றாள், "உன் கை நிக்குதுடி."

நின்றுகொண்டுதான் இருந்தது. வெல்வெட்டுத் துண்டைப் பிடித்த வலது கை தண்ணீருக்குள் மரக்கட்டை மாதிரி நின்றிருந்தது. மழையிலும் பனியிலும் நிற்காத கை. அமுலு அதைப் பார்த்தாள், அசைக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஊருக்கெல்லாம் அவள் சொன்னாள், போலீசுக்குச் சொன்னாள், மாமியாரிடம் சண்டை போட்டுச் சொன்னாள், அவர் ஏரியில்தான் இருக்கிறார் என்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் யாராவது வந்து, இல்லை, நீ சொல்வது தப்பு என்று காட்டிவிட மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோற்றுப்போகத்தான் ஆசைப்பட்டாள். அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"என்னால முடியல அத்த" என்றாள். "எனுக்குப் பாக்க வேணாம். பயமா கீது."

எல்லம்மாள் முந்தானையைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். மருமகளின் கைமேல் தன் கையை வைத்தாள். முறுக்கு பிழிந்து காய்த்துப்போன கை அது.

"இத்தினி நாளா நீ இழுத்த, நான் வந்தனா?" என்றாள். "இப்ப நான் இழுக்கறன், நீ வா."

இரண்டு கையும் சேர்ந்து ஒருமுறை போனது. எடுத்து வைத்து மறுபடி போனது. வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்தது. முதலில் லாரியின் பின்பக்கச் சங்கிலி தெரிந்தது, பிறகு கயிறு கட்டிய கண்ணாடிப் பெட்டிகள், ஒன்றுகூட அவிழாமல். லாரி சேற்றில் நிமிர்ந்தே நின்றிருந்தது. கடைசியாக முன்பக்கம் தெளிந்தது. தசரதன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். தாடி இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ரோட்டுப் பக்கமாக முழுசாக ஒடித்து வைத்திருந்தான்.

ஜெயபால் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கரைமேல் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

எல்லம்மாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "சார், எறங்கி வந்து பாரு. வண்டியோட ஓடிட்டான்னு எழுதனியே. எம் புள்ள வண்டிய உடல பாரு. இன்னும் புடிச்சிக்கினு இருக்கான் பாரு."

இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினார்.

கிரேன்காரர் வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கையை நிறுத்தினால் தண்ணீர் வெளுத்துவிடும், கொக்கி மாட்டுகிற இடம் தெரியாது என்று அவரிடம் யாரோ சொன்னார்கள். அவர் கரையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாரும் கை ஓஞ்சிருப்பீங்களே" என்றார். கூட்டத்திலிருந்து இந்துமதி வந்து, அம்மாவுக்கும் ஆயாவுக்கும் நடுவில் இடம் பிடித்து, தன் கையையும் தண்ணீரில் வைத்தாள். தசரதன் வீட்டுக்குப் போகிறவரை சாத்தம்பட்டில் ஒருவரும் கையை நிறுத்தவில்லை.